பிறந்த பிறகு காமா குளோபின் ஏன் அடங்குகிறது? சிவப்பணு வளர்ச்சி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: அம்பை_உயிரியல்

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். ஓபரான் கோட்பாட்டை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "பாக்டீரியாவில் லாக்டோஸ் வந்தால் மரபணு திறக்கிறது, சரி. நம் உடம்பில் எல்லா அணுக்களிலும் ஹீமோகுளோபின் மரபணு இருக்கும்போது, சிவப்பணுவில் மட்டும் அது ஏன் வேலை செய்கிறது? அந்தச் சிவப்பணுவில் உட்கருவே இல்லையே, பிறகு எப்படி?" என்று கேட்டாள். பாடநூலில் உள்ள இரண்டு வரிகளைக் கொண்டு இதற்கு மறுமொழி கூற எனக்கு மனம் வரவில்லை. ஹீமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினுக்கு உரிய மரபணுக்கள் எந்தக் கட்டத்தில் திறக்கின்றன, எது திறக்கிறது என்பதைச் சற்று விரிவாக அறிய விரும்புகிறேன்.

இதனோடு சேர்ந்த இன்னொன்று வீட்டிலேயே எழுந்திருக்கிறது. என் அக்காள் மகளின் குழந்தைக்கு இப்போது நான்கு மாதம். ஆறு வாரம் முந்திப் பிறந்த குழந்தை. முகம் வெளிறி இருக்கிறதே என்று ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்த்ததில், எச்.பி.எஃப். (கருவுக்கு உரிய ஹீமோகுளோபின்) 38 விழுக்காடு, எச்.பி.ஏ. (வளர்ந்தவர்களின் முதன்மை வகை) 61, எச்.பி.ஏ.2 (வளர்ந்தவர்களிடம் சிறிதளவே இருக்கும் வகை) 1 என்று அறிக்கை வந்துள்ளது. பெற்றோர் இருவரும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை உறவு. சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆயிற்றோ என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்கிப் போயிருக்கிறார்கள். கருவில் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நான்கு மாதம் கழித்தும் இவ்வளவு நிற்பது இயல்புதானா? பிறந்தவுடன் அந்த மரபணு மூடிக்கொள்ளும் என்றல்லவா படித்திருக்கிறோம்?

பாளை_ஆய்வகம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு குருதிப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். உட்கரு இல்லாத அணு எப்படி ஹீமோகுளோபின் செய்கிறது என்பதற்கான விடையை நாங்கள் நாள்தோறும் நுண்ணோக்கியின் கீழ் பார்க்கிறோம். சில சொட்டு இரத்தத்துடன் அதே அளவு நியூ மெத்திலீன் ப்ளூ சாயத்தைச் சிறு குழாயில் கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் கால் மணி நேரம் வைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து உலரவிட்டு, எண்ணெய் இட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்ப்போம். பெரும்பாலான சிவப்பணுக்கள் வெளிறிய பச்சை கலந்த நீலத்தில் வெறுமையாகத் தெரியும். நூற்றுக்கு ஒன்றிரண்டில் மட்டும் கருநீல இழைகளும் புள்ளிகளும் வலை பின்னினாற்போல் உள்ளே கிடக்கும். அவைதாம் ரெட்டிகுலோசைட்டுகள். உட்கரு வெளியேறிய பிறகும் அணுவுக்குள் எஞ்சியிருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யைத்தான் சாயம் அப்படித் திரட்டிக் காட்டுகிறது. புரதம் செய்யும் பட்டறை அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

எலும்பு மஜ்ஜையில் புரோஎரித்ரோபிளாஸ்ட் என்ற பெரிய தாய் அணுவில் தொடங்கி, ரெட்டிகுலோசைட் ஆகும் வரை ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கிறது. அதற்குள் நான்கைந்து முறை பிளவு நடக்கிறது. ஒவ்வொரு பிளவிலும் அணு சிறுக்கிறது, உட்கரு இறுகுகிறது, கரு நீலமாக இருந்த சைட்டோபிளாசம் ஹீமோகுளோபின் சேரச் சேரச் சாம்பல் கலந்து, பின் இளஞ்சிவப்பாக மாறுகிறது. நீல நிறம் ஆர்.என்.ஏ.க்கு உரியது, சிவப்பு ஹீமோகுளோபினுக்கு உரியது. ஆகவே மஜ்ஜைத் தகட்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, குளோபின் மரபணு எந்தக் கட்டத்தில் முழு மூச்சாக வேலை செய்கிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். இறுதியில் உட்கரு வெளியே தள்ளப்பட்டு, அங்குள்ள மேக்ரோஃபேஜ் அணுக்களால் விழுங்கப்படுகிறது. அதற்கு முன்பே படியெடுத்து வைத்த தூது ஆர்.என்.ஏ. மட்டும் தங்கிவிடுகிறது. மொத்த ஹீமோகுளோபினில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த ரெட்டிகுலோசைட் நிலையில்தான் சேர்கிறது. இரண்டு மூன்று நாளில் அந்த ஆர்.என்.ஏ.யும் மைட்டோகாண்ட்ரியாவும் அழிந்த பிறகு, 120 நாள் வாழப்போகும் சிவப்பணுவுக்குப் புதிதாக ஒரு குளோபின் கூடச் செய்யும் திறன் கிடையாது.

குழந்தையின் அறிக்கையைப் பற்றி ஒன்று மட்டும் கேட்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றியிருக்க வாய்ப்புண்டு. ஏற்றியிருந்தால் அறிக்கையில் உள்ள எச்.பி.ஏ.யில் ஒரு பகுதி இரத்தம் கொடுத்தவருடையதாக இருக்கும், அந்த எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. விசாரித்துச் சொல்லுங்கள்.

பேட்டை_உயிர்வேதியியல்

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மரபணுவின் பக்கத்தை எழுதுகிறேன். உங்கள் மாணவியின் கேள்வி, இத்துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் கேட்டுவரும் கேள்வி. அந்தப் பிள்ளையிடம் அதை அவசியம் சொல்லுங்கள்.

குளோபின் மரபணுக்கள் இரண்டு கூட்டங்களாக இருக்கின்றன. ஆல்ஃபா வகைக் கூட்டம் 16ஆம் குரோமோசோமில் உள்ளது. அதில் ஜீட்டா ஒன்றும் ஆல்ஃபா இரண்டும் முதன்மையானவை. பீட்டா வகைக் கூட்டம் 11ஆம் குரோமோசோமில் எப்சிலான், ஜி-காமா, ஏ-காமா, டெல்ட்டா, பீட்டா என்ற வரிசையில் அமைந்திருக்கிறது. கருவில் தொடங்கி வளர்ந்த பருவம் வரை இவை பயன்பாட்டுக்கு வரும் வரிசையும் ஏறக்குறைய இதுவே. மஞ்சள்கருப் பையில் உருவாகும் முதல் சிவப்பணுக்களில் ஜீட்டாவும் எப்சிலானும் இணைகின்றன. ஆறாவது வாரத்தை ஒட்டிக் கல்லீரல் பொறுப்பேற்றதும் ஆல்ஃபா இரண்டும் காமா இரண்டும் சேர்ந்த எச்.பி.எஃப். ஆளத் தொடங்குகிறது. பிறப்பை ஒட்டி மஜ்ஜைக்கு வேலை முழுவதுமாக மாறும் காலத்தில் காமா அடங்கி, பீட்டா எழுந்து, எச்.பி.ஏ. நிலைபெறுகிறது. கருவுக்கு எச்.பி.எஃப். ஏன் தேவை என்றால், காமா சங்கிலியின் 143ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் செரைன் இருப்பதால், சிவப்பணுவில் ஆக்சிஜன் பிடியைத் தளர்த்தும் 2,3-பி.பி.ஜி. என்ற பொருள் அதில் சரியாக ஒட்டாது. அதனால் ஆக்சிஜனை இறுகப் பற்றி, தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியாக இழுத்துக்கொள்ள முடிகிறது.

இனி, எல்லா அணுவிலும் இருந்தும் ஏன் இங்கே மட்டும் என்பதற்கு வருவோம். நரம்பணுவிலும் தோலணுவிலும் இந்தப் பகுதி ஹிஸ்டோன்களோடு இறுகச் சுருண்டு, படியெடுக்கும் நொதி நெருங்க முடியாதபடி கிடக்கிறது. சிவப்பணுக் குலத்தில் காட்டா-1, டால்-1, கே.எல்.எஃப்.1 ஆகிய புரதங்கள் தோன்றி அந்தச் சுருளைத் தளர்த்துகின்றன. தாய் அணுவில் காட்டா-2 இருக்கும் இடங்களைக் காட்டா-1 பிடித்துக்கொள்ளும் தருணமே, இனி இது சிவப்பணுதான் என்று முடிவாகும் தருணம். ஆனால் இவை மரபணுவின் வாசலில் மட்டும் உட்கார்ந்தால் போதாது. எப்சிலானுக்கு மேலே, பீட்டாவிலிருந்து ஏறத்தாழ 50,000 டி.என்.ஏ. எழுத்து இணை தொலைவில், எல்.சி.ஆர். எனப்படும் ஆணைப்பகுதி ஒன்று இருக்கிறது. 1987இல் ஃபிராங்க் குரோஸ்வெல்டு குழுவினர் இதைப் பீட்டா மரபணுவோடு சேர்த்துச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது, அது குரோமோசோமில் எங்கே போய் ஒட்டினாலும் மரபணு முழு வீச்சில் வேலை செய்தது. சிலருக்கு இந்த எல்.சி.ஆர். மட்டும் அறுந்துபோய், பீட்டா மரபணு ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தும், அந்தக் குரோமோசோமிலிருந்து பீட்டா குளோபின் வராமல் தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை நேர்கிறது. மரபணு இருப்பது வேறு, அதற்கு ஆணை கிடைப்பது வேறு என்பதை வகுப்பில் விளக்க இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்.சி.ஆர். அத்தனை தொலைவைக் கடந்து எப்படி ஆணையிடுகிறது? இடையிலுள்ள டி.என்.ஏ. வளையமாக மடிய, எல்.சி.ஆர். நேரே மரபணுவின் வாசலான புரோமோட்டரோடு உரசி நிற்கிறது. ஒரு நேரத்தில் ஒரு புரோமோட்டரோடு மட்டுமே அது இணைகிறது. கன்னடியன் கால்வாயில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதை அறிந்த நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது எளிது. மேல் மடை திறந்திருக்கும் வரை கடைமடைக்குத் தண்ணீர் தாராளமாகப் போகாது, மேலே அடைத்தால்தான் கீழே வயல் நனையும். காமா மேல் மடை, பீட்டா கடைமடை. ஆகவே பிறந்த பிறகு நிகழ்வதில் பாதி, பீட்டா தூண்டப்படுவது. மறுபாதி, காமா அடைக்கப்படுவதால் எல்.சி.ஆர். பீட்டாவுக்குக் கிடைப்பது. டெல்ட்டா மரபணு பீட்டாவை ஒட்டியே இருந்தும் மொத்தத்தில் 2 முதல் 3 விழுக்காடு ஹீமோகுளோபினுக்கு (எச்.பி.ஏ.2) மட்டும் காரணமாவது, அதன் புரோமோட்டரில் கே.எல்.எஃப்.1 ஒட்டும் எழுத்துகள் சிதைந்திருப்பதால்தான்.

வகுப்பில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் இன்னொரு செய்தியும் உண்டு. இரண்டு வெவ்வேறு குரோமோசோம்களிலிருந்து வரும் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏறக்குறையச் சம அளவில் இருந்தாக வேண்டும். கூடுதலாக நிற்கும் ஆல்ஃபா தனித்து விடப்பட்டால் படிந்து அணுவின் சவ்வைக் கெடுத்து, சிவப்பணுவை மஜ்ஜையிலேயே சாகடித்துவிடும். அதைத் தடுக்க ஏ.எச்.எஸ்.பி. என்ற துணைப்புரதம் ஆல்ஃபாவைப் பீட்டா வந்து சேரும் வரை பிடித்து வைத்திருக்கிறது. இரும்பைத் தாங்கும் ஹீம் பகுதி போதாமல் போனாலும் குளோபினை மட்டும் செய்துகொண்டே இருக்க அணு விடுவதில்லை. ஹீம் குறைந்ததை உணரும் எச்.ஆர்.ஐ. என்ற நொதி விழித்துக்கொண்டு, புரதத் தயாரிப்பின் தொடக்கப் படியையே நிறுத்திவிடுகிறது. இரும்புச்சத்துக் குறைந்தவர்களின் சிவப்பணுக்கள் சிறுத்தும் வெளிறியும் இருப்பதன் பின்னணி இதுவே.

பிறந்தவுடன் மூடிக்கொள்ளும் என்று படித்திருக்கிறோம் என்றீர்கள். பிறப்பு என்ற நிகழ்ச்சி இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்தாலும் நிறைமாதத்தில் பிறந்தாலும், கருவுற்ற நாளிலிருந்து கணக்கிட்ட வயதைப் பொறுத்தே காமா இறங்குகிறது. 1980களில் செம்மறியாட்டுக் கருவின் குருதித் தாயணுக்களை வளர்ந்த ஆட்டுக்குள் மாற்றி வைத்துப் பார்த்தபோதும், அவை பெரும்பாலும் தம்முடைய சொந்த வயதின்படியே மாறின. கடிகாரம் அணுவுக்குள்ளேயே ஓடுகிறது.

அம்பை_உயிரியல்

ஐயா, மிக்க நன்றி. கால்வாய் முறையை நாளையே வகுப்பில் பயன்படுத்துவேன். பாளை நண்பர் கேட்டதை விசாரித்துவிட்டேன். குழந்தைக்கு இரத்தம் ஏதும் ஏற்றவில்லை, மருத்துவமனைச் சீட்டிலும் அப்படியே இருக்கிறது.

காமாவை அடைப்பது எது என்பது தெரிந்துவிட்டதா? தெரியுமானால், பீட்டா கெட்டுப்போன நோயாளிக்கு அந்த அடைப்பை எடுத்துவிட்டாலே போதுமே என்று தோன்றுகிறது.

அபிசேகப்பட்டி_ஆய்வு

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. சார் நினைப்பது நடைமுறைக்கே வந்துவிட்டது. காமாவை அடைக்கும் முதன்மையான புரதம் பி.சி.எல்.11ஏ. வளர்ந்த பிறகும் எச்.பி.எஃப். சற்றுக் கூடுதலாக வைத்திருப்பவர்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வுகள் 2007, 2008ஆம் ஆண்டுகளில் 2ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டின. அங்கேயிருக்கும் பி.சி.எல்.11ஏ.யைக் குறைத்தால் காமா மீண்டும் எழுகிறது என்பதைப் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஓர்க்கின் குழுவினர் 2008இல் காட்டினர். அது காமா புரோமோட்டரில் தொடக்கப் புள்ளிக்கு 115 எழுத்து மேலே ஒட்டுகிறது. 200 எழுத்து மேலே இசட்.பி.டி.பி.7ஏ என்ற இன்னொரு புரதம் ஒட்டுகிறது. இந்த இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறிப் பிறந்த சில குடும்பத்தினருக்கு வாழ்நாள் முழுவதும் எச்.பி.எஃப். நிற்கிறது, அதனால் அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. பேட்டை ஐயா குறிப்பிட்ட கே.எல்.எஃப்.1 பீட்டாவை நேரடியாகத் தூண்டுவதோடு பி.சி.எல்.11ஏ.யையும் தூண்டி, காமாவை மறைமுகமாக அடைக்கிறது என்பது 2010இல் தெரியவந்தது. ஒரே புரதம் இரண்டு மடைகளையும் கையாள்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. கருவின் கல்லீரலில் ஏன் அடைப்பு விழுவதில்லை என்றால், அங்கே மிகுந்திருக்கும் லின்28பி என்ற புரதம் பி.சி.எல்.11ஏ உருவாவதைத் தடுத்து வைத்திருக்கிறது. ஐயா சொன்ன கடிகாரத்தின் ஒரு சக்கரம் இது.

மருத்துவத்தில் பி.சி.எல்.11ஏ.யை அடியோடு அழிக்க முடியாது, மூளை வளர்ச்சிக்கும் பி லிம்ஃபோசைட்டுகளுக்கும் அது வேண்டும். ஆனால் அந்த மரபணுவுக்குள்ளேயே சிவப்பணுக் குலத்தில் மட்டும் அதைத் தூண்டும் ஒரு சிறு பகுதி இருப்பது 2013இல் கண்டறியப்பட்டது. நோயாளியின் சொந்தத் தாயணுக்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் முறையில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா 2023 டிசம்பரிலும் ஒப்புதல் அளித்தன. காஸ்ஜெவி என்பது அதன் பெயர். 2023இல் அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. திரும்பச் செலுத்துவதற்கு முன் கடுமையான மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும் என்பதால், உடலுக்கும் அது எளிய சிகிச்சை அன்று. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை எச்.பி.எஃப்.ஐ ஓரளவு உயர்த்துகிறது, பீட்டா சங்கிலியின் பிழையால் சிவப்பணு அரிவாள்போல் வளையும் அரிவாளணு நோய் உள்ளவர்களுக்கு இன்று நம் மாநிலத்திலும் பயன்படுவது அதுதான். தமிழ்நாட்டுக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுப் பண்பைக் கண்டு எழுதியதுதான் இந்தியாவில் அதைப் பற்றிய முதல் பதிவு.

தென்காசி_குழந்தைநலம்

தென்காசியில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். இந்த அறிக்கையைப் பார்த்து வீட்டில் யாரும் கலங்க வேண்டியதில்லை என்பதை முதலில் கூறிவிடுகிறேன். நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போது எச்.பி.எஃப். 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் குழந்தைக்குக் குழந்தை மிகவும் வேறுபட்டாலும் சராசரியாக 20ஐ ஒட்டி வரும், ஓராண்டை நெருங்கும்போது 2க்கும் கீழே போய்விடும். இந்தக் குழந்தை ஆறு வாரம் முந்திப் பிறந்ததால், பேட்டை ஐயா எழுதியபடி அதன் கடிகாரத்துக்கு இன்னும் மூன்று மாதம் கூட ஆகவில்லை. அந்த வயதுக்கு 38 என்பது எதிர்பார்க்கத்தக்க எண்தான். மேலும், இன்று குருதியில் ஓடும் அணுக்களில் பல, பல வாரங்களுக்கு முன் மஜ்ஜையில் உருவானவை. பிறந்த பிறகு நுரையீரல் வழியாக ஆக்சிஜன் நிறையக் கிடைப்பதால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் குறைந்து, சில வாரங்களுக்குப் புதிய சிவப்பணு உற்பத்தியே மந்தமாகிவிடுகிறது. எனவே மஜ்ஜையில் காமா எவ்வளவோ இறங்கிய பிறகும் குருதியில் எச்.பி.எஃப். பின்தங்கியே குறையும். குழந்தை வெளிறித் தெரிவதற்கும் பெரும்பாலும் இந்த மந்தமே காரணமாக இருக்கலாம். குறைமாதக் குழந்தைகளில் அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அவர்களுக்கு இரும்புச்சத்துச் சேமிப்பும் குறைவு, ஆகவே உங்கள் மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

இரத்தம் ஏற்றாத குழந்தைக்கு எச்.பி.ஏ. 61 விழுக்காடு இருப்பது பெரிய ஆறுதல். பீட்டா அறவே செய்ய முடியாத தலசீமியா மேஜர் என்றால் அந்த எண் இருக்கவே இருக்காது. அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் கொழுகொழுவென்று இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு வாடத் தொடங்குவார்கள். பிறக்கும்போது காமா காப்பாற்றுகிறது, அது இறங்கிய இடத்தைப் பிடிக்கப் பீட்டா வருவதில்லை. ஆல்ஃபா நான்கும் இல்லாத குழந்தைக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கருவிலிருந்தே ஆல்ஃபா தேவைப்படுவதால், தாயின் வயிற்றிலேயே உடல் முழுதும் நீர் கோத்துவிடும். பால் குடிக்க மறுத்து, வயிறு பருத்து, ஏழெட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரைப் பார்க்கும்போது, திருமணத்துக்கு முன்போ கருவுற்ற உடனேயோ ஒரு பரிசோதனை செய்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

சொந்தத்தில் திருமணம் செய்ததே நோயாகிவிடாது, பெரியவர்களை அப்படிக் குற்ற உணர்வில் விட்டுவிடாதீர்கள். அத்தை, மாமன் பிள்ளைகளுக்கு எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருப்பதால், ஒருவர் பீட்டா பிழையைச் சுமந்தால் மற்றவரும் சுமக்க வாய்ப்புக் கூடுகிறது. அவ்வளவே. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பில் நோய் வரும். குழந்தைக்கு எச்.பி.ஏ.2 இப்போது 1 என்பதைக் கொண்டு அது சுமக்கிறதா என்று கூற இயலாது, டெல்ட்டாவும் பீட்டாவைப் போல மெல்லத்தான் உயரும். ஆகவே குழந்தைக்கு ஒரு வயது கடந்த பிறகு மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பார்க்க வேண்டியது பெற்றோர் இருவரையும். அவர்களில் ஒருவருக்கேனும் எச்.பி.ஏ.2 இயல்பாக இருந்தால், அடுத்த குழந்தைக்கும் மேஜர் வரும் அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும். இருவருக்கும் உயர்ந்திருந்தால், அடுத்த கருவின் 10ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வழியுண்டு.

பாளை_ஆய்வகம்

டாக்டர் அம்மா சொன்னதோடு ஒரு நுணுக்கத்தைச் சேர்க்கிறேன், ஏனெனில் எங்கள் மேசையில் இது அடிக்கடி இடறுகிறது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் முதலில் எச்.பி.எஃப். முகடு, அடுத்துப் பெரிதாக எச்.பி.ஏ., கடைசியில் சிறிதாக எச்.பி.ஏ.2 எழும். அந்தக் கடைசிச் சிறு முகடு 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா சுமப்பவர் என்று ஐயப்படுகிறோம். ஆனால் இரும்புச்சத்து மிகவும் குறைந்தவருக்கு எச்.பி.ஏ.2 இறங்கிவிடும். சுமப்பவராக இருந்தும் 3.2 அல்லது 3.3 என்று வந்து, இயல்பு என்று எழுதிக் கொடுத்துவிட நேரும். குழந்தை பெற்ற தாய்க்கு இந்த வாய்ப்பு அதிகம். ஆகவே உங்கள் அக்காள் மகளுக்குப் பார்க்கும்போது முழு இரத்த எண்ணிக்கையையும், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) சிறுத்திருக்க, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டி நின்றால், எச்.பி.ஏ.2 எப்படி இருந்தாலும் சுமப்பவரோ என்ற ஐயத்தை விடக் கூடாது. எம்.சி.வி.யைப் பத்து லட்சக் கணக்கில் எழுதிய சிவப்பணு எண்ணிக்கையால் (50 லட்சம் என்றால் 5) வகுத்து வருவது 13க்கும் கீழே இருந்தால் தலசீமியாப் பக்கமும், மேலே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவின் பக்கமும் சாயும். இது வழிகாட்டும் கணக்கு மட்டுமே. ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மூன்று மாதம் இரும்புச்சத்து கொடுத்துவிட்டு எச்.பி.ஏ.2ஐ மறுபடி பார்க்க வேண்டும். தந்தைக்கு அந்தக் காத்திருப்புப் பெரும்பாலும் தேவைப்படாது என்பதால், முதலில் அவருடைய மாதிரியை எடுத்துவிடுவது நல்லது.